கால்குலஸா, ஸ்டாடிஸ்டிக்ஸா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா 2 ஹானர்ஸ் படிக்கிறாள். கல்லூரியில் பொருளாதாரம் எடுக்க ஆசை. நல்ல கல்லூரி வேண்டுமென்றால் கோடையிலேயே கால்குலஸுக்கு முந்தின பாடமான ப்ரீகால்குலஸை முடித்துவிட்டு, பதினோராம் வகுப்பில் இரண்டு கால்குலஸ் பாடங்களில் பெரியதான கால்குலஸ் பிசி (BC) எடுக்கணும் என்கிறார்கள் தெரிந்தவர்கள். ஸ்டாடிஸ்டிக்ஸ் போதாதா?

பதில்: முதலில் அந்தக் கோடைத் திட்டத்தை விடுங்கள். கால்குலஸில் தடுக்கி விழுகிற பிள்ளைகள் பெரும்பாலும் கால்குலஸில் விழுவதில்லை, அல்ஜீப்ராவில்தான் விழுகிறார்கள். '1 கீழ் எக்ஸ்' (1/x) என்பதன் வகைக்கெழுவை (டெரிவேடிவ்) வரையறையிலிருந்து கண்டுபிடிக்கச் சொன்னால், கடைசி வரி மட்டுமே கால்குலஸ். அதற்கு முன்னால் வருவதெல்லாம் பின்னத்தைக் கழித்துச் சுருக்குகிற வேலை. ஒரு வருஷப் பாடத்தை ஆறு வாரத்தில் ஓட்டினால் முதலில் அடிவாங்குவது அந்தக் கைப்பழக்கம்தான்.

பதினொன்றில் ப்ரீகால்குலஸை நிதானமாகப் படிக்கட்டும். பன்னிரண்டில் கால்குலஸ் ஏபியா (AB), பிசியா என்பதை அந்த மதிப்பெண் பார்த்து முடிவு செய்யலாம். (கல்லூரி நிலைப் பாடங்களைப் பள்ளியிலேயே படிக்கும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' (AP) திட்டத்தையும் பலர் ஏபி என்றே சொல்வதால் குழப்பம். நான் இங்கே சொல்வது கால்குலஸ் ஏபி.) ஏபி என்பது ஏறக்குறைய கல்லூரியின் ஒரு செமஸ்டர் கால்குலஸ், பிசி இரண்டு செமஸ்டர். ஏபி பாடம் முழுவதும் பிசிக்குள் அடங்கிவிடும், அதனால் ப்ரீகால்குலஸிலிருந்து நேரே பிசிக்குப் போக உங்கள் பள்ளி விட்டால் போகலாம். ஏபி முடித்த பிறகுதான் பிசி என்பது பள்ளியின் விதியானால், ஏபியோடு நிற்பதில் குறையொன்றுமில்லை. கவுன்சிலர் அனுப்பும் 'ஸ்கூல் ப்ரொஃபைல்' மூலம் உங்கள் பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு என்பது கல்லூரிக்குத் தெரியும். அதை வைத்துத்தான் உங்கள் மகளின் தேர்வை எடை போடுவார்கள்.

சரி, ஸ்டாடிஸ்டிக்ஸ்? நல்ல பாடம், பின்னால் எகானமெட்ரிக்ஸுக்கு (பொருளாதாரத் தரவுகளை ஸ்டாடிஸ்டிக்ஸ் கொண்டு ஆராயும் பாடம்) உதவும். ஆனால் பொருளாதாரம் என்றால் கணக்கு குறைவு என்று நம்மவர்கள் நினைப்பது தப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் அதற்குக் கால்குலஸ் கேட்பார்கள். கால்குலஸுக்குப் பதிலாக ஸ்டாடிஸ்டிக்ஸ் வேண்டாம், இடமிருந்தால் கூடவே எடுக்கட்டும்.

இன்னொன்று: பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகும். அடுத்த வருஷப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் கவுன்சிலரிடம் அந்த ப்ரொஃபைலின் நகலையும், பிசியில் சேர என்ன மதிப்பெண் வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.