ஹோம்ஸ்கூலுக்குக் கத்தோலிக்கப் பாடத்திட்டம்: எதில் கறார், எதில் விட்டுக்கொடுக்கலாம்?

கேள்வி: ஹூஸ்டன் அருகே இருக்கிறோம். வரும் ஆகஸ்டிலிருந்து பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க முடிவு செய்திருக்கிறோம். மகன் 6-ஆம் வகுப்பு, மகள் 3-ஆம் வகுப்பு. மகளுக்கு இன்னும் புதுநன்மை (முதல் நற்கருணை) ஆகவில்லை. மதியம் 1 மணிக்கு மேல் நான் வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை பார்க்கிறேன். கத்தோலிக்கப் பாடத்திட்டங்களில் சீட்டன், கோல்பே, மதர் ஆஃப் டிவைன் கிரேஸ், சி.ஹெச்.சி. (கத்தோலிக் ஹெரிட்டேஜ் கரிகுலா) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தோழி ஒருவர் தன் பிள்ளைகள் படித்து முடித்த அபெகா வரலாறு, அப்போலோஜியா அறிவியல் புத்தகங்களைச் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: மறைக்கல்வி, வரலாறு, வாசிப்புப் புத்தகங்கள், மகனுடைய அறிவியலில் சில அத்தியாயங்கள் ஆகியவற்றில் மட்டும் கத்தோலிக்கப் பார்வை வேண்டும் என்று கறாராக இருங்கள். கணக்கு, இலக்கணம், ஸ்பெல்லிங், கையெழுத்து எல்லாம் பிள்ளைக்கு எது ஒத்துவருகிறதோ அதுவே போதும். ஸ்பெல்லிங் புத்தகத்தின் ஓரத்தில் புனிதர் படம் இருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் அதனால் பிள்ளைக்கு விசுவாசம் கற்பித்ததாகிவிடாது. இந்தப் பிரிவினையை முதலில் செய்துவிட்டால், முழுப் பெட்டியாக வாங்குவதா, தனித்தனியாகச் சேர்ப்பதா என்ற குழப்பம் பாதி தீரும். மீதியை 1 மணிக்குத் தொடங்கும் உங்கள் வேலை தீர்மானிக்கும்.

புத்தகக் கடைக்கு முன் பங்கு அலுவலகம். மகளுடைய புதுநன்மைதான் இந்த ஆண்டின் பெரிய காரியம். பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்பதை 1965-இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி அறிக்கை தெளிவாகவே சொல்கிறது. திருச்சபைச் சட்டம் 914 புதுநன்மைத் தயாரிப்பை முதலில் பெற்றோர் பொறுப்பிலும், அடுத்துப் பங்குத்தந்தை பொறுப்பிலும் வைக்கிறது. பிள்ளை தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் கடமை. நடைமுறையில் பல பங்குகள் இரண்டு ஆண்டு மறைக்கல்வி வகுப்பு கேட்கும். ஆகவே கோடை விடுமுறைக்கு முன்பே மறைக்கல்விப் பொறுப்பாளரைப் பாருங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மறைமாவட்டம் எழுத்தில் விதிமுறை வைத்திருக்கிறதா? நாங்கள் வீட்டில் நடத்தும் புத்தகத்தை ஏற்பீர்களா, இல்லை பங்கின் புத்தகமேதானா? முதல் ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனம்) முன் யார், எப்போது பிள்ளையிடம் பேசிப் பார்ப்பார்? பங்கின் புத்தகம்தான் வேண்டும் என்றால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். இதில் சண்டை போட்டு, ஏப்ரலில் பிள்ளை வெள்ளை உடுப்போடு காத்திருக்கும்படி ஆகக் கூடாது. மகளின் ஞானஸ்நானம் ஊரில் நடந்திருந்தால், சான்றிதழுக்கு இப்போதே அந்தப் பங்குக்கு எழுதிவிடுங்கள்.

தேர்வு உங்கள் கையில் இருந்தால், ‘ஃபெய்த் அண்ட் லைஃப்’ வரிசையில் 2-ஆம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். அந்த வரிசையில் ஒப்புரவும் புதுநன்மையும் 2-ஆம் வகுப்பில்தான் வருகின்றன. மகள் 3-ஆம் வகுப்பு என்பதற்காக 3-ஆம் புத்தகம் வாங்கினால் வேண்டிய பாடமே விடுபட்டுப்போகும். மனப்பாடத்துக்கு பால்டிமோர் மறைக்கல்வி என்ற பழைய அமெரிக்க வினா-விடை நூல் நன்றாக உதவும். கேள்வியும் பதிலும் இரண்டு வரிக்குள் முடியும். ஆனால் அதன் வேர் 1885-இல் இருக்கிறது. மிகப் பழைய அச்சில் நன்மை வாங்க நள்ளிரவு முதல் உபவாசம் என்று இருக்கும்; இன்றைய விதி ஒரு மணி நேரம். நன்மை பற்றிய பாடத்தைத் திறந்து இந்த ஒன்றைப் பார்த்தாலே எந்தக் காலத்து அச்சு என்று தெரிந்துவிடும். எந்த மறைக்கல்விப் புத்தகமானாலும் பதிப்பு விவரப் பக்கத்தில் ஆயரின் அச்சு அனுமதி இருக்க வேண்டும். விசுவாசத்துக்கு மாறான எதுவும் இல்லை என்பதற்குத்தான் அது உத்தரவாதம். பாடம் பிள்ளைக்குப் புரியும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பதை நீங்கள்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டெக்சாஸ் இதில் மிக எளிய மாநிலம். 1994-இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுக்கல்வியைத் தனியார் பள்ளிக்குச் சமமாக வைத்தது. வாசிப்பு, ஸ்பெல்லிங், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு என்ற ஐந்தையும் எழுத்தில் உள்ள பாடத்திட்டத்தோடு உண்மையாக நடத்தினால் போதும். பதிவு கிடையாது, அரசுத் தேர்வும் கிடையாது. பிள்ளைகள் இப்போது படிக்கும் பள்ளிக்கு, எந்தத் தேதியிலிருந்து விலகுகிறார்கள் என்று எழுதி மின்னஞ்சல் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் நிறுத்தினால் வராத நாள் கணக்கு ஏறி, தேவையில்லாத கடிதம் வீடு தேடி வரும்.

இனி கணக்கு. முதல் ஆண்டில் அதிகக் கண்ணீர் வருவது இந்தப் பாடத்தில்தான், பெரும்பாலும் காரணம் தவறான நிலையில் ஆரம்பித்தது. வகுப்பு எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். சாக்சன், சிங்கப்பூர் என்ற இரண்டு கணக்குப் புத்தக வரிசைக்குமே, எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று காட்டும் இலவச நிலைத்தேர்வு இணையத்தில் கிடைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து உதவாமல் எழுதவையுங்கள். சாக்சனில் 7/6 என்று போட்டிருந்தால் சராசரி 7-ஆம் வகுப்புப் பிள்ளைக்கும், கணக்கில் முந்திய 6-ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் என்று பொருள். ஆகவே 6-ஆம் வகுப்புக்குப் போகும் மகனுக்கு 6/5 என்று வந்தால் அவன் பின்தங்கிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் முறையில் ஆண்டுக்கு இரண்டு பகுதி. பள்ளியிலிருந்து வரும் பிள்ளை அரை ஆண்டு கீழே அமர்வது சாதாரணம்.

சாக்சன் எடுத்தால் ஒரு தவறு செய்யாதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் சுமார் 30 கலப்புக் கணக்குகள் இருக்கும். மகன் அலுத்துக்கொள்கிறான் என்று ஒற்றைப்படை எண்களை மட்டும் போடவைப்பார்கள். அன்றைய புதுப் பாடத்தில் அந்தப் பட்டியலில் வருவது சில கணக்குகள்தான். மற்றவை பத்து, இருபது பாடத்துக்கு முன்னால் படித்தவை, மறக்காமல் இருக்கத் திரும்ப வருபவை. பாதியை விட்டால் அந்தச் சங்கிலி அறுந்து, நவம்பரில் பின்னம் திடீரென்று புரியாமல் போகும். சலிப்பு என்றால் அளவைக் குறைக்காமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். நாள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 120 பாடம், 12 ஆய்வுப் பாடம், ஐந்து பாடத்துக்கொரு தேர்வு என்றால் 150 நாளுக்கு மேல் பிடிக்கும். 36 வாரத்தில் வாரம் 4 நாள் என்றால் 144 நாள்தான். ஐந்தாவது நாளிலும் கணக்கு மட்டுமாவது வேண்டும். தேர்வில் 80-க்குக் கீழே வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

தமிழ்நாட்டில் படித்த பெற்றோருக்கு இன்னொன்று. நாம் வகுத்தல் போடும்போது ஈவை வலப்பக்கம் எழுதுவோம். இங்கே தலைக்கு மேல் எழுதுவார்கள். நாம் 1,00,000 என்று காற்புள்ளி வைப்போம், புத்தகத்தில் 100,000. ஒரே மேசையில் இரண்டு முறையும் கலந்தால் பிள்ளை குழம்பும். வாய்ப்பாட்டை நம் பாணியில் ராகம் போட்டே சொல்லிக்கொடுங்கள், அது நல்லது. எழுதும் முறையில் மட்டும் புத்தகத்தைப் பின்பற்றுங்கள்.

நீங்கள் கேட்ட நான்கும் ஒரே வகையானவை அல்ல. வெர்ஜீனியாவின் ஃப்ரன்ட் ராயலில் உள்ள சீட்டன், 1980-இல் தொடங்கியது. சேர்ந்தால் புத்தகம், நாள்வாரிப் பாடத்திட்டம், காலாண்டுத் தேர்வு, திருத்தம், மதிப்பெண் சான்று என்று எல்லாம் வரும். பயிற்சிப் புத்தகம் நிறைய. யாராவது கெடு வைத்தால்தான் வேலை ஓடும் என்ற வீட்டுக்கு இது பெரிய உதவி. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் முடித்தே தீருவேன் என்று நிற்கும் தாய்க்கு இதுவே பாரம். புரிந்துவிட்ட பகுதியில் பயிற்சியைக் குறைத்து, தேர்வை மட்டும் ஒழுங்காக அனுப்பினால் இழுத்துக்கொண்டு போகலாம். கலிபோர்னியாவின் கோல்பே, செவ்வியல் கல்வி வழி: மூல நூல் வாசிப்பு, லத்தீன், எழுத்து. மதர் ஆஃப் டிவைன் கிரேஸ், 1995-இல் லாரா பெர்க்விஸ்ட் தொடங்கியது, அதுவும் செவ்வியல்தான். சிறு வகுப்பில் தேர்வு குறைவு, படித்ததை வாயால் திருப்பிச் சொல்வதும் மனப்பாடமும் அதிகம். அதாவது உங்கள் நேரமும் அதிகம். சி.ஹெச்.சி. பள்ளி அல்ல, பதிப்பகம். பாடத்திட்டத்தையும் புத்தகத்தையும் வாங்கி நீங்களே நடத்த வேண்டும், சுமை இலேசானது.

உங்கள் நேரத்தை நிமிடமாகப் போட்டுப் பார்ப்போம். செபம், புனிதர் வரலாறு, வரலாறு, அறிவியல் வாசிப்பு எல்லாம் இருவருக்கும் சேர்த்து 60 நிமிடம். மகளோடு கணக்கு, வாசிப்பு, சொல்வதெழுதல் 90 நிமிடம், புதுநன்மைத் தயாரிப்பு 20. மகனோடு கணக்குக்கும் எழுத்துக்கும் 40. மீதியை அவன் தனியாகச் செய்ய வேண்டும். மொத்தம் மூன்றரை மணி நேரம்: 8:30-க்குத் தொடங்கினால் 12 மணி. இதுவே இரண்டு பேருக்கும் இரண்டு முழுப் பாடத்திட்டம் என்றால் பொதுவான ஒரு மணி இரண்டாகிவிடும். சமையலும் திருத்தமும் செய்யாமலே 1 மணி ஆகிவிடும்.

அதனால் என் யோசனை இது. மகளுக்கு சி.ஹெச்.சி. திட்டமும் மேலே சொன்ன மறைக்கல்விப் புத்தகமும். வரலாறும் அறிவியலும் இருவருக்கும் பொது; மகன் கூடுதலாக ஒரு புத்தகம் படித்து வாரம் ஒரு பத்தி எழுதட்டும். மகனை மட்டும் சீட்டனில் சேர்க்கலாமா என்றால், அவன் தானாக உட்கார்ந்து படிப்பவன் இல்லை, உங்களுக்கும் கெடு தேவை என்றால் சேருங்கள். அங்கீகாரத்துக்காக மட்டும் சேர வேண்டாம். அது பொருட்படுத்தப்படுவது 9-ஆம் வகுப்பிலிருந்துதான்.

தோழி தரும் புத்தகங்களுக்கு வருவோம். அன்பாகத் தருகிறார், நன்றி சொல்லுங்கள். ஆனால் அபெகா வரலாற்றை மகன் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள். அது சுவிசேஷ புரொட்டஸ்டண்ட் பார்வையில் எழுதப்பட்டது. இடைக்காலத் திருச்சபையும் சீர்திருத்த இயக்கமும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் வரும். எந்த வரலாற்றுப் புத்தகமானாலும் பின்னட்டையை நம்பாமல் பொருளடைவில் லூதர், போப்பாண்டவர், மரியாள், கலிலேயோ, சிலுவைப் போர் என்ற ஐந்தையும் தேடி அந்தப் பக்கங்களைப் படியுங்கள். அரை மணியில் முடிவு தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். நூறு ஆண்டு பழைய கத்தோலிக்கப் புத்தகங்களை அப்படியே மறு அச்சு போடுகிறார்கள். அவற்றில் இந்தியர்களையும் யூதர்களையும் அமெரிக்கப் பூர்வகுடிகளையும் தாழ்த்தி எழுதிய இடங்கள் உண்டு. தாத்தா பாட்டியில் ஒரு பக்கம் இந்துக்களாக இருக்கும் நம் குடும்பங்களில் பிள்ளைக்கு அது நேரடியாக வலிக்கும். பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. அந்தப் பக்கங்களை நீங்கள் முதலில் படித்து, பேசிவிட்டுக் கொடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

அப்போலோஜியாவில் செடி, பறவை, உடல் பற்றிய பகுதிகள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். படங்களும் செய்முறைகளும் நன்றாக இருக்கும். சிக்கல் பூமியின் வயதிலும் புதைபடிவங்களிலும் வருகிறது. உலகம் சில ஆயிரம் ஆண்டே பழமையானது என்ற நிலைப்பாடு அதில் உண்டு. கத்தோலிக்கர் அதை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. 1950-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மனித உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆய்வுக்கு இடம்விட்டு, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் உறுதியாக வைத்தார். பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு குரு. இதை மகனுக்கு இப்போதே சொல்லுங்கள். விசுவாசமும் இளம்பூமிக் கருத்தும் ஒன்றே என்று படித்த பிள்ளை, கல்லூரியில் ஒன்று உடையும்போது மற்றதையும் சேர்த்துக் கைவிடுகிறது. மகளுக்குப் பயன்படுத்துங்கள், மகனுக்கு அந்த அத்தியாயங்களை மாற்றுங்கள்.

லத்தீன் இந்த ஆண்டு வேண்டாம். முதலில் தமிழ் எழுத்து. எல்லா மறைக்கல்வியும் ஆங்கிலத்தில் நடந்தால், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியோடு சேர்ந்து ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லப் பிள்ளைக்கு வராது. தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி தமிழில் சொல்லுங்கள். புனிதர் பட்டியலில் ஓரியூர் அருளானந்தரும், 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயமும் இருக்கட்டும். அமெரிக்கப் பாடத்திட்டம் அவர்களைத் தானாகக் கொண்டுவராது.

வாங்கும்போது முழு ஆண்டுக்கும் வாங்காதீர்கள். ஜூனில் நிலைத்தேர்வு, ஜூலையில் கணக்கும் மறைக்கல்வியும், ஆகஸ்டில் வாசிப்பு. கணக்கு, மறைக்கல்வி, வாசிப்பு என்ற இந்த மூன்றையும் மட்டும் முதல் மூன்று வாரம் நடத்துங்கள். பிறகு வரலாறு, அதன் பின் அறிவியல். ஒரே நாளில் எட்டுப் பாடமும் தொடங்கிய வீடுகளில் அக்டோபரில் தாய்க்குத் தொண்டை கட்டி, பிள்ளைக்கு முகம் தொங்கி, பாடத்திட்டத்தை மாற்றலாமா என்ற பேச்சு வந்துவிடும். அப்போது மாற்ற வேண்டியது பெரும்பாலும் அளவைத்தான். குறிப்பாகக் கணக்குப் புத்தகத்தை ஆண்டு நடுவில் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் பாடங்களை வேறு வரிசையில் வைப்பதால் இடையில் ஒன்று விழுந்துவிடும்.

வேலை நிமித்தம் மாநிலம் மாறும் வாய்ப்பு இருந்தால் இன்றிலிருந்தே பதிவு வையுங்கள். நியூயார்க்கில் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கையும் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைத் தொகுப்பை மதிப்பீட்டாளர் பார்ப்பார். ஊருக்குத் திரும்புவதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 10-ஆம் வகுப்பு எழுதலாம், குறைந்தபட்ச வயது 14. ஒரு கோப்பில் புத்தகப் பட்டியல், பிள்ளைக்கு மாதம் மூன்று தாள், கணக்குத் தேர்வு மதிப்பெண் இவ்வளவும் தேதியோடு இருந்தால் போதும்.