போர்க்காலத்தில் நகரத்தின் ஏழைப் பகுதி ஒன்றில் வளர்ந்தவர்கள் உங்கள் சிறுவயது நினைவுகளைப் பகிர முடியுமா?

கேள்வியில் 'ஏழைப் பகுதி' என்று இருப்பதால்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் போர்க்கால நினைவுகள் நிறையவே எழுதப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒரு முற்றம் இருக்கும், கிணறு இருக்கும், மாமரம் இருக்கும். நான் வளர்ந்தது குருநகரில். நகரத்தின் கடற்கரை ஓரம், சந்துபோன்ற ஒழுங்கைக்குள் ஒழுங்கை, பாதி தகரமும் பாதி தென்னங்கிடுகுமான வீடுகள். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு ஏழு வயது.

முதலில் பங்கர், அதாவது பதுங்குகுழி. மற்ற இடங்களில் வளவுக்குள் ஆள் உயரத்துக்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்ணைப் போட்டு மூடுவார்கள். எங்களுக்கு வளவே இல்லை. ஒழுங்கையில் தோண்டலாம் என்றால் இரண்டடியில் உப்புத் தண்ணீர் ஊறிவிடும், கடல் அவ்வளவு பக்கம். அதனால் உரப்பைகளில் கடற்கரை மண்ணை நிரப்பி, நிலத்துக்கு மேலேயே சுவர்போல அடுக்கி, பல வீடுகளுக்கும் பொதுவாக ஒன்று கட்டினார்கள். கூரைக்கு மரம் வேண்டுமே! பனங்குற்றி வாங்கக் காசு இல்லை. அந்த ஜூன் மாதத்தோடு ரயில் நின்றுபோயிருந்ததால் ஆட்கள் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் எங்கிருந்தோ சில கட்டைகளைக் கொண்டுவந்தார். கட்டை கொடுத்தவர் என்பதால் பங்கரின் உள்மூலை அவர் குடும்பத்துக்கு. மண் மட்டும் சுமந்த நாங்கள் வாசல் பக்கம். எதிரே கடலுக்கு அப்பால் உள்ள மண்டைதீவில் ராணுவம் இருந்தது, பீரங்கிச் செல் அங்கிருந்துதான் வரும், வாசல் பார்த்ததும் அந்தப் பக்கம்தான். அம்மம்மா செபமாலையோடு என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்காருவார்.

அரசு பொருளாதாரத் தடை போட்டபோது எல்லாரும் ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. கரண்ட் நின்றது எங்களுக்குத் தெரியவே இல்லை, வீட்டில் கரண்ட் முன்பும் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு, சைக்கிள் வால்வுக் கட்டையில் திரி கோர்த்து எரிக்கும் விளக்கு ஊரெல்லாம் வந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள், சரி. ஆனால் பெட்ரோல் இல்லாமல்போனதும் மோட்டார்சைக்கிள், பழைய ஒஸ்ரின் கார் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. ஸ்டார்ட் ஆக மட்டும் சில சொட்டுப் பெட்ரோல். மண்ணெண்ணெய் விலை ஏன் எங்கள் கைக்கு எட்டாமல் போனது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அப்பாவின் படகு எஞ்சினுக்கும் அதே மண்ணெண்ணெய்தான்.

கடலுக்குப் போகவும் தடை. கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலை எறிவதுதான் மிச்சம். அதற்கும் அம்மா விடமாட்டார். 1986 ஜூனில் மண்டைதீவுக் கடலில் எங்கள் ஊர் மீனவர்கள் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டிருந்தார்கள், அது அவர் கண்ணுக்குள்ளேயே இருந்தது. சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) நிவாரண அரிசியும் மாவும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்போமோ. கியூவில் இடம்பிடிக்க அனுப்பப்படுவது நான்தான்.

பிள்ளைகளுக்குச் சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்துக் களியில் உடுப்புத் தோய்ப்போம். கொடியில் காயும் சட்டையை மாடு வந்து சப்பும், துரத்துவது பெரிய விளையாட்டு. பேட்டரி தடை என்பதால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடல் மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்பார்கள். பிபிசி தமிழோசைச் செய்திக்கு மிதிப்பது எங்கள் வேலை. கால் கொஞ்சம் தளர்ந்தால் செய்தி இழுபடும். "தம்பி, நிப்பாட்டாதை, மிதி மிதி!" என்று பெரியவர்கள் கத்துவார்கள்.

1993 நவம்பர் 13 அன்று எங்கள் ஊர்த் தேவாலயமான யாகப்பர் கோவிலில் விமானப்படை குண்டு போட்டது. அதில் இறந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றை மட்டும் எழுதாமல் விட மாட்டேன். 1990 அக்டோபர் 30, முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெரு. யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். என்னோடு போளை (கோலிக்குண்டு) அடிக்கிற பையன் ஒருவன் அந்தப் பக்கத்தவன். அவன் ஏன் வரவில்லை என்று வீட்டில் கேட்டேன், வாயை மூடு என்றார்கள். எங்கள் துன்பத்தை இவ்வளவு எழுதும் நாங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே அக்டோபர் 30 அன்று, எங்கள் முறை. ராணுவம் நெருங்குகிறது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் முழுக்கக் கிளம்பியது. மழை. நாவற்குழிப் பாலத்தில் இரவு முழுக்க அடி அடியாக நகர்ந்தோம். தாகத்துக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீர் குடித்தோம். லொறி பிடிக்க முடிந்தவர்கள் கட்டில் அலுமாரிவரை ஏற்றினார்கள். எங்களுக்கு ஒரு சைக்கிள், அதன் கரியரில் அம்மம்மா.

பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் சொந்தக்காரர் இருந்தவர்கள் வீடுகளுக்குப் போனார்கள், எங்களுக்குச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, நடுவே சேலை கட்டி மறைப்பு. அடுத்த ஏப்ரலில் ராணுவம் அங்கேயும் வந்தபோது, திரும்புவதா வன்னிக்குப் போவதா என்று அந்த அறைக்குள்ளேயே சண்டை. அப்பா திரும்பினார். மாமி குடும்பம் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்குப் போய், பிறகு மன்னாரில் வள்ளம் ஏறி தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களில் யாரும் இன்னும் திரும்பி வரவில்லை.