அடமானம் வைத்து ஏ.ஐ. சீட் வாங்க வேண்டாம். சாலை விரிவாக்கத்தில் உங்கள் மகளுக்கு ஒரு வேலை இருக்கிறது

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைப் பற்றி ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, உயிரியல்-கணிதப் பிரிவு, நடுத்தரமான கட்-ஆஃப். பிள்ளையின் தாய்மாமா ஒரு தனியார் கல்லூரியில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்துவிட்டாராம். அதற்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டும். மகளுக்கு அதில் விருப்பமில்லை. "என்ன படிக்கணும்னு கேட்டா சொல்லத் தெரியல. ஊர்ல ரோட்டை அகலப்படுத்துறாங்க. அங்க போய் நின்னு, வெட்டப்போற புளியமரத்துல எழுதின நம்பரை எல்லாம் நோட்டுல குறிச்சுட்டு வர்றா. பதிலுக்கு எங்க கன்னு வைப்பீங்கன்னு சூப்பர்வைசரைக் கேக்குறா. இவளை எப்படிக் கரைசேர்க்கிறது?"

அம்மா, உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்காமல் நிறுத்துங்கள்.

காரணம் பணத்திலிருந்தே தொடங்குகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, மீன்வளம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டு ஒதுக்கியது. அந்த இடங்களில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் காலை வைத்த நிமிடமே இரண்டும் போய்விடும். இலவசமாகப் படிக்கத் தகுதியுள்ள பிள்ளைக்காக வீட்டை அடகு வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு இது தெரிந்திருக்காது. ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது படிப்பு. கம்ப்யூட்டர் படிப்பு மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பிப் படிக்கிற பிள்ளை எந்தக் கல்லூரியிலும் மேலே வரும். விரும்பாத பிள்ளையை, ஆசிரியர்களே போதாத ஒரு கல்லூரியில், புதிதாகப் பெயர் சூட்டிய பிரிவில், கடன் பாரத்தோடு உட்கார வைத்தால் நான்காம் ஆண்டில் அரியர்ஸ்தான் மிஞ்சும். நர்சிங், பி.காம்., பி.எட். பற்றியெல்லாம் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள், நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நோட்டுதான். அவள் செய்வது வெட்டிப் பொழுது இல்லை. அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சாலைப் பணிகளில் சுற்றுச்சூழல் கண்காணிப்பு, தணிக்கை என்று அதற்குப் பெயர்.

அது என்ன வேலை என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊரில் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

இருவழிச் சாலையை நான்குவழியாக்கப் போகிறார்கள் என்று வையுங்கள். பொக்லைன் இறங்குவதற்கு முன்பே ஒரு குழு அங்கே வர வேண்டும். சாலையோரப் பள்ளி, மருத்துவமனை, நெருக்கமான குடியிருப்பு, வாய்க்கால் குறுக்கிடும் இடம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, காற்று எப்படி, சத்தம் எவ்வளவு, தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து வைக்க வேண்டும். இதுதான் பேஸ்லைன். இதைச் சரியாக எடுக்காவிட்டால், பிறகு "உங்க வேலையாலதான் தூசி" என்று ஊர்க்காரர் சொல்வதையும், "முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு" என்று கான்ட்ராக்டர் சொல்வதையும் யாராலும் தீர்த்துவைக்க முடியாது. வேலை நடக்கும் காலம் முழுக்க, ஒப்பந்தத்தில் சொன்ன இடைவெளியில், அதே இடங்களில் மறுபடி மறுபடி அளப்பார்கள்.

காற்றை அளப்பதற்கு சாம்ப்ளர் என்ற கருவி உண்டு. நிமிடத்துக்கு சுமார் 1.1 கனமீட்டர் காற்றை இழுத்து, கண்ணாடி இழைத் தாளின் வழியாக விடும். தாளை முன்கூட்டியே ஈரம் போக டெசிகேட்டரில் வைத்து எடை போட்டிருப்பார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள் என்று 24 மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி எடை பார்ப்பார்கள். ஒரு நாளில் 1,584 கனமீட்டர் காற்று போயிருக்கும். தாள்களில் மொத்தம் 0.24 கிராம் தூசி கூடியிருந்தால் கனமீட்டருக்குக் கிட்டத்தட்ட 150 மைக்ரோகிராம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் அறிவித்த தரத்தின்படி பி.எம். 10 என்னும் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் 100-ஐத் தாண்டக் கூடாது. அப்படியானால் தண்ணீர் தெளிப்பது போதவில்லை, அல்லது ஜல்லி லாரிகள் தார்ப்பாய் போடாமல் ஓடுகின்றன. எது என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வதும் இதே ஆளின் வேலைதான்.

கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கருவிக்கு ஒரு நாள் முழுக்க மின்சாரம் வேண்டும், யாராவது ஒருவர் வீட்டு மாடியில் வைக்க அனுமதி கேட்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும், அதன் புகை சாம்ப்ளருக்குள் போகாதபடி காற்றடிக்கும் திசை பார்த்துத் தள்ளி வைக்க வேண்டும். முன்பின் தெரியாத சூப்பர்வைசரிடம் தயங்காமல் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தானாக வரும்.

சத்தத்தை அளப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. டெசிபலைச் சாதாரணமாகக் கூட்டி வகுக்க முடியாது. 60-க்கும் 70-க்கும் சராசரி 65 வராது, 67-க்கு மேல் வரும், மடக்கைக் கணக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அப்படி அறிவித்த இடத்தில் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளியில் வழக்கமான போக்குவரத்தே அதைத் தாண்டிவிடும். ஆகவே கட்டுமானத்தால் எவ்வளவு கூடியது என்று பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும்.

தணிக்கை இன்னொரு வகை. அங்கே கருவி குறைவு, காகிதமும் கண்ணும்தான். தார் கலவை பிளான்டுக்கும் கிரஷருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருக்கிறதா, எங்கிருந்து மண் எடுத்தார்கள், அனுமதித்த ஆழத்தோடு நிறுத்தினார்களா, தொழிலாளர் முகாமில் கழிப்பறை இருக்கிறதா, வாய்க்கால் குறுக்கே போட்ட மண்ணை மழைக்கு முன் எடுத்தார்களா, நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தினம் மூன்று முறை தண்ணீர் தெளித்ததாக ரெஜிஸ்டரில் எழுதியிருக்கும். டேங்கர் லாரியின் டிரிப் ஷீட்டையும் டீசல் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தவறு கண்டால் எழுதிக் கொடுத்து, தேதி குறித்து, மறுபடி போய் சரிசெய்தார்களா என்று பார்ப்பார்கள். மரத்தின் நம்பரைக் குறித்துக்கொண்டு கன்று எங்கே என்று கேட்ட உங்கள் மகள், சொல்லித்தராமலே பாதித் தணிக்கையைச் செய்துவிட்டாள்.

இந்த வேலையை யார் கொடுப்பார்கள் என்று உங்கள் அண்ணன் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். சட்டப்படி எல்லாச் சாலை விரிவாக்கத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. மலைப்பகுதி மாநில நெடுஞ்சாலை போன்ற விதிவிலக்குகளை விட்டால், தேசிய நெடுஞ்சாலையாக இருந்து, விரிவாக்கம் 100 கிலோமீட்டருக்கு மேல் போய், கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலமும் வரம்பைத் தாண்டினால்தான் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வரும். அப்படி வந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை தர வேண்டும். ஆனால் வெளிநாட்டு வங்கிகள் கடன் தரும் சாலைகளில் சட்டம் கேட்காவிட்டாலும் கடன் கொடுத்தவர் கேட்பார். ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 48.4 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்ட சென்னை-கன்னியாகுமரி தொழில்வழித் தடத் திட்டம் ஓர் உதாரணம். சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்தும் திட்டம் அது. இத்தகைய பணிகளில் கான்ட்ராக்டரும் சுற்றுச்சூழலுக்கு ஆள் வைக்க வேண்டும், மேற்பார்வை செய்யும் ஆலோசனை நிறுவனமும் ஒரு நிபுணரை வைக்க வேண்டும். அளவீடுகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் செய்கின்றன, அங்கேயும் ஆள் தேவை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளையும் வெளியிட்டது. தேர்வு மூலமோ அனுபவத்தின் பேரிலோ சான்று பெற்றுப் பதிவுசெய்த தணிக்கையாளர்கள் என்று ஒரு புதிய கூட்டமே இனி உருவாகப் போகிறது. அவள் படித்து முடிக்கும்போது அந்த ஏற்பாடு ஓரளவு நிலைபெற்றிருக்கும்.

என்ன படிப்பது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இளநிலையிலேயே சுற்றுச்சூழல் என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரிகளையும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளையும் முதலில் வைத்து, சிவில் அல்லது கெமிக்கல் கேளுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எரிசக்தி-சுற்றுச்சூழல் பொறியியல் என்று ஒரு பி.டெக். இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம், அதையும் போடுங்கள். பொறியியலே வேண்டாம் என்று அவள் சொன்னால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போதும். முதுநிலையில் சுற்றுச்சூழலுக்கு மாறிக்கொள்ளலாம், பாரதியார் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் துறைகள் உண்டு. பொறியியல் முடித்தால், எம்.டெக். சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழலுக்கென்றே தனித்தாள் இருக்கிறது. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம்.

இதில் உள்ள கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் நல்ல சாஃப்ட்வேர் வேலையைவிடக் குறைவு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, ஒரு சாலை முடிந்தால் அடுத்த ஊர். வெயிலும் தூசியும் உண்டு. முதல் வேலைக்குச் சேரும்போது தங்குமிடம், வண்டி, கழிப்பறை வசதி, இரவில் சாம்ப்ளரைப் பார்த்துக்கொள்ள யார் வருவார் என்பதையெல்லாம் நேர்முகத் தேர்விலேயே கேட்கட்டும், கூச்சப்படத் தேவையில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கருவியை ஓட்டாமலே போன மாத எண்ணைக் கொஞ்சம் மாற்றி எழுதித் தருகிற இடங்கள் இந்தத் தொழிலில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சம்பளம் கூடுதலாகக் கொடுத்தாலும் நிற்க வேண்டாம். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு பள்ளியின் ஜன்னலோரப் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஆசிய வளர்ச்சி வங்கியின் இணையதளத்தில் இத்தகைய சாலைத் திட்டங்களின் சுற்றுச்சூழல் கண்காணிப்பு அறிக்கைகள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கின்றன. ஆங்கிலத்தில்தான் இருக்கும், பரவாயில்லை, ஒன்றை இறக்கி அவளிடம் கொடுங்கள். அட்டவணைகளையும் சாலையோரப் படங்களையும் பார்த்து, தன் ஊர்ச் சாலைக்கும் இப்படி இருக்கிறதா என்று கேட்கிறாளா, இல்லை பத்துப் பக்கத்தில் மூடி வைக்கிறாளா என்று பாருங்கள். அலுத்துப் போனால் வேறு வழி பார்ப்போம், கட்டாயம் இல்லை. அதன் பிறகு அவளே என்னோடு பேசட்டும். நீங்களும் உங்கள் அண்ணனும் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் பதிலை அவள்தான் சொல்ல வேண்டும்.