தொண்டா, தொழிலா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கூடப் படிப்பவர்கள் எல்லாம் ஏஐ, டேட்டா என்று போகும்போது இவள் மட்டும் ‘ஆக்சசிபிலிட்டி’ (அணுகல்தன்மை, அதாவது வெப்சைட்டையும் செயலியையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வது) என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவது நல்லதுதான், அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. முடியும். ஆனால் அதை மட்டுமே வைத்துக்கொண்டு வேலை தேடக் கிளம்பினால் சிரமப்படுவாள். நீங்கள் மகளிடம் பேச வேண்டியது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

அதற்கு முன், அவள் எந்த வேலையைச் சொல்கிறாள் என்று நீங்களே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்து ஏதாவது ஒரு தளத்தில் டிக்கெட் பதிவு செய்யப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில், எந்தப் பட்டன் மேல் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். தேதி காட்டும் காலண்டருக்குள் நுழைந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் முழிப்பீர்கள். கை நடுக்கம் உள்ளவர்களும் பார்வையற்றவர்களும் தினமும் இப்படித்தான் கம்ப்யூட்டரை ஓட்டுகிறார்கள். அப்புறம் போனில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவரை (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ‘ஸ்க்ரீன் ரீடர்’ வசதிகள் இவை) ஆன் செய்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். (ஆன் செய்யும் முன் ஆஃப் செய்வது எப்படி என்று படித்துவிடுங்கள். ஒருமுறை தட்டினால் பெயரைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் நான் முதல் தடவை அரை மணி நேரம் என் போனுடனேயே மல்லுக்கட்டினேன்.) ஒழுங்காகச் செய்த செயலி ‘பணம் அனுப்பு, பட்டன்’ என்று படிக்கும். ஏனோதானோவென்று செய்தது ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்றே சொல்லிக்கொண்டு போகும்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் சில வரி கோட்தான். அந்தச் சில வரி எங்கே விடுபட்டது, யார் எந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள், எப்படிச் சரிசெய்வது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இதற்கு உலகம் முழுக்க ஒரே விதிப்புத்தகம் போல டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற வழிகாட்டி இருக்கிறது. 1999இல் முதல் பதிப்பு, 2023இல் 2.2 பதிப்பு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும், தொடவேண்டிய பட்டன் பொதுவாக 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்று அளந்து பார்க்கக்கூடிய விதிகள் அதில் உண்டு. நல்லெண்ணத்தோடு நின்றுவிடும் சமாசாரமில்லை இது.

சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறதா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, குறிப்பிடத்தக்க அளவு ஏதோ ஒரு குறைபாடு உண்டு. ஆனால் நிறுவனங்களை அசைப்பது பெரும்பாலும் சட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆன்லைன் விற்பனை, வங்கிச் சேவை, மின்னூல் எல்லாம் அதில் அடங்கும். அங்கே விற்க வேண்டுமானால், மிகச் சிறிய சேவை நிறுவனங்களைத் தவிர, கம்பெனி எந்த நாட்டில் இருந்தாலும் விதி விதிதான். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை வைத்தே வெப்சைட்டுகள் மீது தொடர்ந்து வழக்குகள் நடக்கின்றன.

சரி, சிக்கலுக்கு வருவோம். ‘ஆக்சசிபிலிட்டி நிபுணர்’ என்ற பெயரில் வரும் வேலைகளில் பெரும்பாலானவை அனுபவசாலிகளுக்கானவை. புதிதாகப் படித்து வெளியே வருகிற பெண்ணை நேராக அந்த நாற்காலியில் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். அதனால் கையில் ஒரு அடிப்படைத் தொழில் வேண்டும். உங்கள் மகளுக்கு அது ஃப்ரண்ட்எண்ட் (திரையில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கான கோட்) எழுதுவதாகவோ டெஸ்டிங்காகவோ இருக்கலாம். முதல் வேலை அந்தப் பெயரில் கிடைக்கும், சம்பளமும் அந்தக் கணக்கில்தான் வரும். டீமில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆளாக இவள் இருப்பாள் என்பதுதான் கூடுதல் பலம். வெப் பக்கங்களை எழுதும் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லை ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள். பலரும் அதை முதல் வாரத்தோடு மறந்துவிட்டு நேராக ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்தக் கோட் தொகுப்புகளுக்குத் தாவிவிடுகிறார்கள். ஊமைப் பட்டன்கள் பிறப்பது அங்கேதான்.

ஏஐ இந்த வேலையையும் விழுங்கிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு பகுதியை விழுங்கும். தானாகப் பிழை தேடும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் ஒரு வரைபடத்துக்கு மாற்று உரையாக (படத்துக்குப் பதில் ஸ்க்ரீன் ரீடர் படிக்கும் வரி) ‘விற்பனை வரைபடம்’ என்று எழுதிவைத்தால் கருவி சரி என்றே சொல்லும். விற்பனை ஏறியதா இறங்கியதா என்று பார்வையற்ற வாசகருக்குக் கடைசிவரை தெரியாது. அந்தப் படம் அந்த இடத்தில் எதற்காக இருக்கிறது என்பதை யாராவது தீர்மானிக்க வேண்டும். ஒரே வரி கோட் போட்டால் வெப்சைட் முழுதும் சரியாகிவிடும் என்று ஏஐ பெயரில் விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 2025இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே தனியாகவே வேலை கிடக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். ஸ்க்ரீன் ரீடர் அதைப் படிக்கக் கேட்டால் ஏதோ சாபம் போடுவது போல இருக்கும். ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப் இன்னும் மோசம், அது வெறும் படம். பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் குறிக்காவிட்டால், யூனிகோடில் (எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறை) இருந்தாலும்கூட ஆங்கிலக் குரல் படிக்க முயன்று திணறலாம். இதையெல்லாம் காதால் கேட்டே பிழை பிடிக்கக்கூடிய ஆள் தமிழ் தெரியாத ஊழியர்களில் கிடைக்க மாட்டார்.

சிவில், ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள் உறவில் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவைத் தாண்டக் கூடாது என்பது பரவலான விதி. இரண்டடி ஏற 24 அடி நீளம் வேண்டும். கட்டி முடித்தபிறகு அந்த 24 அடிக்கு இடம் தேடுவது யாருக்குமே கஷ்டம். வரைபடத்திலேயே அதைக் கேட்கத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு உண்டு.

சான்றிதழுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். ஐ.ஏ.ஏ.பி. என்ற, ஆக்சசிபிலிட்டி வேலை செய்பவர்களின் பன்னாட்டு அமைப்பு தேர்வு நடத்துகிறது, வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் கழித்து எழுதினால் போதும். இப்போதைக்கு, வெப் தரவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரும் கட்டணமில்லாத அறிமுகப் பாடமும், என்விடிஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடரும் போதும். என்விடிஏவை 2006இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு பார்வையற்ற இளைஞர், பிறகு இன்னொரு பார்வையற்ற நண்பரும் சேர்ந்துகொண்டார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. வருடக்கணக்காக ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அவர்கள் கேட்கும் வேகமே நமக்குப் புரியாது. அவர் நேரத்துக்குக் காசு கொடுக்கவும் சொல்லுங்கள், ‘உதவி’ என்ற பேரில் ஓசியில் வாங்க வேண்டாம். இத்துறையின் நல்ல சோதனையாளர்களில் பலர் மாற்றுத்திறனாளிகள்தான், நாளை இவளை நேர்காணல் செய்பவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

வேலை தேடும்போது ‘ஏ11ஒய்’ (a11y) என்றும் தேடச் சொல்லுங்கள். ஆக்சசிபிலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 11 எழுத்துகள் இருப்பதால் வந்த சுருக்கம் அது. விண்ணப்பத்தோடு மூன்று தணிக்கை அறிக்கைகள் இருக்கட்டும்: எந்தப் பக்கம், யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள், எந்த விதி, எப்படித் திருத்தலாம். முதல் அறிக்கைக்கு வெளியே தேட வேண்டியதில்லை. இந்த வாரமே அவளுடைய கல்லூரி ப்ராஜெக்டை மவுஸ் இல்லாமல் உங்களுக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எங்கே நின்றுபோகிறதோ அதிலிருந்து எழுத ஆரம்பிக்கட்டும்.