ராணியைக் காணோம் என்றால் உடனே புதிது வாங்காதீர்கள்

தேனீப் பெட்டியை இரண்டு முறை திறந்தும் ராணித் தேனீ கண்ணில் படவில்லை, தேனீ வளர்ப்போர் சங்கம் அமர்த்திய வழிகாட்டி போனை எடுப்பதில்லை, புது ராணி வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

ராணியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அடையின் அறைகளின் அடிவரை விழும்படி, அடை கட்டிய சட்டத்தைப் பிடியுங்கள். அறையின் அடியில் வெள்ளை நூல்துண்டு போல நிற்பதுதான் முட்டை. அது 3 நாளில் பொரித்துவிடும். ஆகவே முட்டை இருந்தால், 3 நாளுக்குள் ராணி பெரும்பாலும் அங்கே நடமாடியிருக்கிறாள். எனக்கும் முதல் ஆண்டில் ராணி தென்பட்டதே இல்லை; தேனீக்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

முட்டையும் இளம் புழுவும் இல்லையென்றால், முட்டையுள்ள சட்டம் ஒன்றைச் சங்கத்தில் கேளுங்கள். அதைத் தேனீ ஒட்டாமல் வாங்கி உள்ளே வையுங்கள். சில நாட்களில் தேனீக்கள் அதில் ராணி அறை (புது ராணியை வளர்க்கும் பெரிய அறை) கட்டத் தொடங்கினால் ராணி இல்லை என்று கொள்ளலாம்.

வழிகாட்டியிடம் "எப்போது வருவீர்கள்" என்று கேட்காதீர்கள். "உங்கள் பெட்டியை எப்போது திறக்கிறீர்கள், நானும் வரட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் பதில் இல்லையா? சங்கச் செயலாளரிடம் வேறு ஆளைத் தயங்காமல் கேளுங்கள்.