‘அது கன்ட்ரி இல்லை’ – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியில் ஒரு சிறிய ஊரில் மருந்தாளராக வேலை செய்கிறேன். இங்கே ஒரு கன்ட்ரி மியூசிக் கிளப் இருக்கிறது; அமெரிக்கக் கிராமப்புறங்களிலிருந்து வந்த பாட்டுவகை அது. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஊர் மண்டபத்தில் கூடுவார்கள். மருந்து வாங்க வரும் ஒரு வயதான பெண்மணி விடாமல் அழைத்ததால் போனேன்.

வாசலில் சிறிய கட்டணம். யார் வேண்டுமென்றாலும் பெயரைக் கொடுத்துவிட்டு மேடையேறி இரண்டு பாட்டுப் பாடலாம். பக்கவாத்தியத்துக்குக் கிளப்பின் சொந்தக் குழு எப்போதும் மேடையில் இருக்கும். இடையில் தேத்தண்ணீர், வீட்டிலிருந்து செய்துகொண்டு வந்த கேக், பிறகு ஒரு தட்டு இறைச்சிக்குக் குலுக்கல். பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். குழுவின் தலைவர், கிட்டார் வாசிப்பவர், பாட்டு நடக்கும்போதே மற்றவர்களுக்கு விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்று, நாலு, ஐந்து என்று. எனக்கு விளங்கவில்லை.

ஒரு பழங்குடிப் பெரியவர் ஆஸ்திரேலியக் கன்ட்ரி பாடகர் ஸ்லிம் டஸ்டியின் பாட்டைப் பாடினார், மண்டபமே சேர்ந்து பாடியது. அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, கைத்தொலைபேசியில் இசைத்தடத்தைப் போட்டுவிட்டு ஒரு புதிய பாட்டைப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ‘அது கன்ட்ரி இல்லை’ என்றார், சற்றுக் கோபமாகவே.

எனக்கு இரண்டு கேள்விகள். எது கன்ட்ரி, அதை யார் தீர்மானிப்பது? தொப்பியா, கிட்டாரா, உச்சரிப்பா? அல்லது நம் நாட்டார் பாடல் மாதிரி ஒன்றா? அடுத்தது, அப்பா வானொலியில் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டுகள் எனக்கு மனப்பாடம். கிளப்பில் என்னையும் பாடச் சொல்கிறார்கள். என் நிறத்தோடும் என் ஆங்கிலத்தோடும் நான் அதைப் பாடினால் அது என்னவாக இருக்கும்?

கே.

அன்புள்ள கே.,

விரல்களிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்தச் சைகையில் பெரும்பகுதி இருக்கிறது.

ஒரு சுருதியின் ஏழு ஸ்வரங்களுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண் கொடுத்து, ஒவ்வொரு ஸ்வரத்தின்மேலும் எழும் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை, அந்த எண்ணால் சொல்வது வழக்கம். ஜி சுருதியில் ஒன்று என்றால் ஜி கார்ட், நாலு என்றால் சி, ஐந்து என்றால் டி. பாட வருபவர் ‘ஜி எனக்கு எட்டாது, ஈ-யில் பாடுகிறேன்’ என்றால் கார்ட்கள் ஈ, ஏ, பி என்று மாறிவிடும். எண்கள் அப்படியே இருக்கும். 1950களின் இறுதியில், அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஜோர்டனேர்ஸ் என்ற நால்வர் குழுவின் நீல் மாத்யூஸ் இந்த எண் முறையைத் தங்கள் வேலைக்காக வகுத்துக்கொண்டார். சார்லி மெக்காய் போன்ற வாத்தியக்காரர்கள் அதைப் பரப்பினார்கள். உங்கள் ஊர் மண்டபத்தில் அந்தக் கிட்டார்காரர் செய்வதும் அதே கணக்குத்தான். பாடுபவரை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். ஒத்திகை கிடையாது. சுருதி என்ன என்று கேட்டுக்கொண்டு, அடுத்த கார்ட் வருவதற்கு ஒரு நொடி முன்னால் பாஸ் கிட்டார்காரருக்கு விரலைக் காட்டுகிறார். பாட்டு நிற்காமல் போகிறது.

எந்த இசையில் இது சாத்தியம் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டின் சட்டகம் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கார்ட்கள் மூன்றோ நாலோதான் இருக்க வேண்டும், எதிர்பார்த்த இடத்தில் மாற வேண்டும். அப்படி இசையின் கட்டுமானத்தை எளிமையாக வைத்துக்கொண்டால் பாரம் முழுவதும் இரண்டு இடங்களில் போய் இறங்கும்: சொல்லும் கதையில், சொல்லுகிற குரலில். வேலை போனவன், லாரி ஓட்டுபவன், மனைவி விட்டுப்போனவன், வறட்சியில் மாடுகளை விற்றவன் என்று ஒரு ஆள் வந்து, தனக்கு நடந்ததைச் சாதாரணப் பேச்சுமொழியில், ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர்களின் துணையோடு ஒருவர் தன் கதையைப் பாடிவிட்டு இறங்க முடிகிற இசை எதுவோ அதையே நான் கன்ட்ரி என்பேன். நாஷ்வில்லின் பெரிய அரங்குகளைவிட உங்கள் மண்டபத்தில் அது தெளிவாகத் தெரிகிறது.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கத்து இருக்கைக்காரரின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளை இசைத்தடத்தைப் போட்டதும் மேடையில் இருந்த குழு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. மாதம் ஒருமுறை அவர்கள் வருவதே பிறருக்கு வாசிப்பதற்காகத்தான். அவரைச் சங்கடப்படுத்தியது அதுவாக இருக்கலாம். ஆனால் அதை அவர் அந்தப் பிள்ளையின் பாட்டின்மேல் போட்டுவிட்டார். அதே பாட்டின் கார்ட்களை ஒரு தாளில் எழுதி அவள் குழுவிடம் கொடுத்தால், இரண்டாவது சரணத்துக்குள் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். யாராவது அவளிடம் இதைச் சொல்ல வேண்டும், அன்போடு சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரர்கள் நிறைந்த ஒரு கிளப்புக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி தானாக வந்து பெயர் கொடுக்கிறாள் என்றால் அவளை இழக்கவே கூடாது.

‘அது கன்ட்ரி இல்லை’ என்ற தீர்ப்பின் வரலாறு நீண்டது. அதில் நல்லவர்கள் பலர் காயப்பட்டிருக்கிறார்கள்.

நாட்டார் பாடலா என்று கேட்டீர்கள். வேர்கள் அங்கே இருக்கின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் பாடப்பட்ட பழைய பிரிட்டிஷ் கதைப்பாடல்கள், தேவாலயப் பாட்டுகள், கறுப்பர்களின் ப்ளூஸ் என்ற துயரப் பாட்டுகள் எல்லாம் அதில் கலந்தவை. ஆனால் கன்ட்ரி என்று நாம் அறிவது பிறந்தபோதே இசைத்தட்டும் பணமும் பதிப்புரிமையும் கூடப் பிறந்தன. 1927 கோடையில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் டென்னசி–வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். கன்ட்ரியின் முதல் நட்சத்திரங்களான ஜிம்மி ராட்ஜர்ஸும் கார்ட்டர் குடும்பமும் அங்கேதான் முதன்முதலில் பதிவானார்கள். பியரின் வருமானம் பாடல்களின் உரிமையிலிருந்து வந்தது. அதனால் ஏற்கெனவே பதிவு செய்யப்படாத பாட்டுகள் அவருக்குத் தேவைப்பட்டன. ஏ.பி. கார்ட்டர் அவற்றைத் தேடி ஊர் ஊராகப் போனார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞர். வீடுகளில் பாடச் சொல்லி வார்த்தைகளைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் மனதில் ஏற்றிக்கொள்வார். திரும்பி வந்து குடும்பத்துக்குப் பாடிக் காட்டுவார். கன்ட்ரி இசையின் அடித்தளம் என்று கொண்டாடப்படும் பாட்டுகளில் பல இப்படி ஒரு கறுப்பரின் நினைவில் ஏறி வந்தவை. இசைத்தட்டுகளில் அவர் பெயர் இல்லை.

இசைத்தட்டு நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல் அன்று நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பர்களுக்கு ஒரு வரிசை, தெற்கத்திய வெள்ளையர்களுக்கு இன்னொரு வரிசை. ஒரே ஊரில், சில நேரம் ஒரே திண்ணையில் சேர்ந்து வாசித்தவர்கள் இரண்டு அலமாரிகளில் வைக்கப்பட்டார்கள். ‘இது வெள்ளைக்காரர்களின் இசை’ என்ற எண்ணம் பெருமளவு அந்த வியாபாரக் கோட்டிலிருந்து வந்தது. பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தின் மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த வாத்தியம். நரம்பின்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரின் அழுகை ஹவாய்த் தீவுகளுடையது. ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் பதிவு செய்த ஒரு பாட்டுக்கு ட்ரம்பெட் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங். நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சிக்கு 1927இல் அந்தப் பெயரை அறிவிப்பாளர் சூட்டிய அதே இரவில் மேடையில் மவுத் ஆர்கன் வாசித்தவர் டெஃபோர்ட் பெய்லி, கறுப்பர், அந்த நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். ரயில் ஓடும் சத்தத்தை அந்தச் சின்னக் கருவியில் அப்படியே கொண்டுவருவார். 1941இல் அவரை நீக்கினார்கள். பிறகு அதே நகரத்தில் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வாத்தியத்தை வைத்து எல்லை கட்டவும் முடியாது. ஓப்ரி மேடையில் டிரம்ஸுக்கு நெடுங்காலம் அனுமதி கிடையாது. இன்று டிரம்ஸ் இல்லாத கிளப் குழு அரிது. மிதிகளால் சுருதியை மாற்றும் ஸ்டீல் கிட்டாரான பெடல் ஸ்டீல் கன்ட்ரி பாட்டில் கேட்கத் தொடங்கியதே 1954 வாக்கில்தான். பழையது, அசல் என்று ஒருவர் காக்கும் ஒலி அதற்கு முந்தைய தலைமுறைக்கு அத்துமீறலாக இருந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 1974இல் நாஷ்வில்லில் ஆண்டின் சிறந்த பாடகி விருது கிடைத்தபோது, ‘இது கன்ட்ரி இல்லை’ என்று அங்குள்ள பாடகர்கள் கூடித் தனிச் சங்கமே தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு விருது மேடையில் கன்ட்ரி பாடகர் சார்லி ரிச், விருதை வென்ற பாடகர் ஜான் டென்வரின் பெயர் இருந்த தாளை லைட்டரால் கொளுத்தினார். இன்று டென்வரின் பாட்டு இல்லாத கன்ட்ரி கூட்டத்தை எனக்குக் கற்பனை செய்ய முடியவில்லை.

உங்கள் ஜிம் ரீவ்ஸுக்கு வருகிறேன். அவரும் இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்தான். டெக்சஸில் பிறந்து, பழைய பாணியில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தவர், 1957 வாக்கில் குரலைத் தாழ்த்தி மைக்கை நெருங்கி நின்று காதோடு பேசுவதுபோலப் பாடத் தொடங்கினார். ராக் அண்ட் ரோல் அலையில் கன்ட்ரி தட்டுகளின் விற்பனை சரிந்த காலம் அது. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் ஃபிடிலையும் ஸ்டீலையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு மென்மையான பின்னணிக் குரல்களையும் பியானோவையும் கொண்டுவந்தார். மரபை நேசித்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குரல்தான் கடல் கடந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும், கௌபாயைத் திரையில் தவிர வேறெங்கும் பார்த்திராதவர்களின் வீடுகளுக்குள் நுழைந்தது. 1964இல் அவர் விமான விபத்தில் இறந்துவிட்டார். உங்கள் அப்பா கேட்டது இந்த நீண்ட தகராறின் நடுவிலிருந்து எழுந்த பாட்டு.

ஆஸ்திரேலியர்களுக்கும் இந்த இசை வெளியிலிருந்து வந்ததுதான். நியூசிலாந்தின் நெல்சன் நகரில் பிறந்த டெக்ஸ் மார்ட்டன், ஜிம்மி ராட்ஜர்ஸின் தட்டுகளைக் கேட்டு குரலை மேலும் கீழும் தாவவிடும் யோடல் பழகி, 1936இல் சிட்னியில் பதிவு செய்தார். தொடக்கத்தில் எல்லோருக்கும் அமெரிக்கப் பாவனை இருந்தது. கெம்ப்சி பக்கத்து மாட்டுப் பண்ணையில் 1927இல் பிறந்த ஸ்லிம் டஸ்டி, தன் ஊர்ப் பெயர்களையும் தன் ஊர் உச்சரிப்பையும் கூச்சமில்லாமல் பாட்டுக்குள் வைத்தார். 1957இல் அவர் பதிவு செய்த ‘எ பப் வித் நோ பியர்’ நாடு முழுக்கப் பரவியது. அவர் மனைவி ஜாய் மெக்கீன் எழுதிய லாரி ஓட்டுநரின் பாட்டுக்குத்தான் 1973இல், கன்ட்ரி இசை விழாவுக்குப் பேர்போன டாம்வர்த் நகரில் முதல் தங்க கிட்டார் விருது கிடைத்தது. இருவரும் பல்லாண்டுகள் வண்டிகளில் நாட்டைச் சுற்றி, பிறர் எட்டிப் பார்க்காத பழங்குடிக் குடியிருப்புகளிலும் பாடினார்கள். மாட்டுப் பண்ணைகளில் உழைத்த, நிலத்தைப் பறிகொடுத்த மக்களுக்கு அந்தப் பாட்டுகள் சொந்தமாகிப் போயின. ஜிம்மி லிட்டில் முதல் ட்ராய் கசார்-டேலி வரை பழங்குடிக் கலைஞர்கள் அந்த நாட்டின் கன்ட்ரி இசைக்கு முதுகெலும்பு. நீங்கள் கேட்ட அந்தப் பெரியவர் பாடியபோது மண்டபம் சேர்ந்து பாடியதில் எனக்கு வியப்பில்லை.

ஆகவே உங்கள் நிறமும் உங்கள் ஆங்கிலமும் அந்த மேடைக்குத் தடையில்லை. தயவுசெய்து அமெரிக்க உச்சரிப்பைப் போட்டுக்கொள்ளாதீர்கள். கொழும்புத் தமிழர் பேசும் ஆங்கிலத்திலேயே பாடுங்கள். சொற்கள் தெளிவாக விழட்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கதையைக் கேட்க வந்தவர்கள், தங்கள் மருந்தாளருக்கு என்ன கதை என்று அறிய ஆவலோடுதான் இருப்பார்கள். பாடுவதற்கு முன் உங்கள் அப்பாவின் வானொலியைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை உண்டு. ரீவ்ஸின் சுருதியில் பாட முயலாதீர்கள். அவருடைய கீழ்ஸ்தாயி எளிதாக எட்டுவதுபோலத் தோன்றும். மைக் முன்னால் நிற்கும்போது கடைசிச் சொல் காற்றாகப் போய்விடும். வீட்டில் பாட்டின் மிகத் தாழ்ந்த சொல்லைப் பாடிப் பாருங்கள். அது அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும்வரை சுருதியை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போங்கள். கேட்கத் தொடங்கும் இடம்தான் உங்கள் சுருதி. அதைத் தாளில் எழுதிக்கொண்டு போய், பெயர் கொடுக்கும்போதே குழுத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.