விமான நிலையச் சோதனையும் பயணியின் உரிமையும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குச் சட்டத்தரணி ஒருவரின் பதில்கள்

கேள்வி (உப்புவெளி வாசகர்): கட்டுநாயக்கவில் வாசலில் ஒரு சோதனை, விமானம் ஏறுமுன் இன்னொன்று. இவற்றால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் வரிசையின் நீளத்தை வைத்து அதை அளக்க முடியாது. அமெரிக்கா 1973 ஜனவரியில் பயணிகள் அனைவரையும் சோதிப்பதைக் கட்டாயமாக்கிய பின்னர் அங்கே விமானக் கடத்தல்கள் வெகுவாகக் குறைந்தன. அதே நாட்டில், 2015இல் வெளியான தகவலின்படி, அரசின் சொந்தப் பரிசோதகர்கள் பயணிகளைப்போல் போலி வெடிபொருட்களையும் ஆயுதங்களையும் எடுத்துச் சென்ற 70 முயற்சிகளில் 67 பிடிபடவில்லை. கட்டுநாயக்கவை 2001 ஜூலை 24 அன்று தாக்கியவர்களோ பயணிகள் வரிசைக்கே வரவில்லை; அருகிலுள்ள விமானப்படைத் தளத்துக்குள் புகுந்து அங்கிருந்தே வந்தார்கள். பயணியின் பையைக் கிளறுவதில் செலவிடும் கவனத்தில் ஒரு பங்காவது வேலிக்கும், சரக்குக்கும், ஊழியர் நுழைவாயிலுக்கும் போகவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (நிலாவெளி வாசகர்): சப்பாத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் ஏன் பார்க்கிறார்கள்?

பதில்: 2001 டிசம்பரில் ஒருவர் சப்பாத்துக்குள்ளும், 2006இல் லண்டனில் ஒரு குழு பானப் போத்தல்களிலும் வெடிபொருளைக் கொண்டுபோகத் திட்டமிட்டதன் விளைவு. விதி ஒரே நாளில் வந்துவிடும். நீங்குவதற்குத்தான் காலம் எடுக்கும். சப்பாத்துக் கழற்றும் விதியை அமெரிக்கா 2025 ஜூலையில்தான் கைவிட்டது.

கேள்வி (கிண்ணியா வாசகி): உடல் ஸ்கேனரில் நம் உடல் தெரியுமா?

பதில்: அமெரிக்காவில் முன்பு பயன்பட்ட ஒருவகை எக்ஸ்ரே ஸ்கேனரில் உடலின் வடிவம் தெரிந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குத் தொடர்ந்தார்கள். பொதுவான மனித உருவப்படத்தில் சந்தேகப் பொருள் உள்ள இடத்தை மட்டும் காட்டும் மென்பொருளைப் பொருத்த முடியாத அந்த இயந்திரங்கள் 2013இல் அகற்றப்பட்டன. பாதுகாப்பைக் கைவிடாமலே மானத்தைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கையால் தடவிச் சோதிப்பதானால் பெண் அதிகாரியையும் மறைவான இடத்தையும் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி (மூதூர் வாசகர்): வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்த என் அண்ணாவைத் தனியே கூப்பிட்டு, பிறந்த ஊரையும் உறவினரையும் பற்றி நெடுநேரம் விசாரித்தார்கள். இதுவும் பாதுகாப்புச் சோதனைதானா?

பதில்: அல்ல. இயந்திரச் சோதனை எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது; ஊரையும் பெயரையும் பார்த்து ஆளைத் தெரிவு செய்யும் விசாரணை வேறு, அதன் காயமும் வேறு. பத்து இலட்சம் பயணிகளில் ஒருவர் மட்டுமே தீய நோக்கமுடையவர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகக் கணிக்கும் முறைகூட ஏறத்தாழ 10,000 அப்பாவிகளைச் சந்தேகத்தில் நிறுத்தும். பிறந்த ஊரை மட்டும் அளவுகோலாக வைப்பது அத்தனை துல்லியத்தின் அருகில்கூட வராது. நடத்தையை வைத்துப் பயணிகளைத் தெரிவு செய்யும் அமெரிக்கத் திட்டத்தை ஆராய்ந்த அந்நாட்டு அரச கணக்காய்வு அலுவலகம், அது பலன் தரும் என்பதற்கு ஆதாரமில்லை என்றும், அதற்கான நிதியை மட்டுப்படுத்த வேண்டும் என்றும் 2013இல் அறிக்கையிட்டது. பிடிப்பது இவ்வளவு குறைவு. அவமானப்படுத்துவதோ ஒரு சமூகம் முழுவதையும்.

எமது அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி என்பவற்றோடு பிறந்த இடத்தையும் குறிப்பிட்டு, அவற்றின் அடிப்படையில் பிரசைகளுக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. உங்கள் அண்ணா இலங்கைப் பிரசை அல்லாவிட்டாலும், சட்டத்தின் முன் சமத்துவமும், கைதுசெய்தால் காரணம் கூறப்பட வேண்டும் என்ற உரிமையும் ஆட்கள் எல்லாருக்கும் உரியவை.

கேள்வி (அதே வாசகர்): இனி என்ன செய்யலாம்?

பதில்: திகதி, நேரம், கேட்கப்பட்ட கேள்விகள், தெரிந்தால் அதிகாரியின் பதவி ஆகியவற்றை அண்ணா இப்போதே எழுதிவைக்கட்டும். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேர்க்கப்படாது. ஆனால் விசாரணை நடப்பதை எழுத்தில் காட்டவேண்டி வரும், ஆகவே முறைப்பாட்டின் பிரதியையும் பதில் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால், முறையிடுவதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை.